வாண்டு வந்தாச்சு

இரவு ஒரு மணியைத் தாண்டியிருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. ஒரு பக்கம் நீளமாக மதில் சுவர். மறுபக்கம் ஷட்டர் இறக்கிய கடைகள். பஸ் ஒருவனை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவன் கையில் ஒரு பெரிய பெட்டி. பெட்டியின் சக்கரம் ஒன்று வரும் வழியிலேயே உடைந்துவிட்டது. கர்...ரக். கர்...ரக். இழுக்க இழுக்க அந்தச் சத்தம்தான். நாய்கூடக் குரைக்கவில்லை. நாய் குரைத்தாலாவது நாம் வந்திருப்பது யாருக்கோ தெரிந்துவிட்டது என்று இருக்கும். அதுவும் இல்லை.

இருங்கள். அந்த மெழுகுவத்தியைக் காகிதக் கட்டிலிருந்து தள்ளி வையுங்கள். கரண்ட் வருவதற்குள் பிரஸ்ஸே சாம்பலாகிவிடப்போகிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெஷின் ஓடாதபோது இந்த ஹால் இவ்வளவு பெரிதா என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

நம் கட்டிங் அண்ணனின் மைத்துனன்தான் அந்த ஆள். ஆமாம், கட்டிங் மெஷின் ஓட்டுகிறாரே, அவரேதான். இன்றைக்கு அவர் லீவு. இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். புளுகத் தெரியாத மனுஷன். லீவு கேட்கும்போதுகூட உண்மைக் காரணத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறவர். அவர் எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னது இது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிங் பிளேடையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

மைத்துனனை வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஆறடி உயரம். எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவான். ஆனாலும் வாண்டு. அக்காவுக்கு ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த தம்பி, அதனால் அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பல் செட் செய்கிற வேலை. டாக்டர் வாயில் அச்சு எடுத்துக் கொடுப்பார். இவன் மெழுகில் ஈறு செதுக்கி, பல்லைப் பதித்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பான். எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும், நீங்கள் எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள் என்று சொல்லிவிடுவான்.

அவன் வேலை பார்த்த டாக்டர் தொழிலை விட்டுவிட்டு மகளோடு போய்விட்டார். வேறு வேலை கிடைத்தது. ஆனால் தூரம். நினைத்தவுடன் கிளம்பி வந்துவிட முடியாத தூரம். பாஷையும் வேறு. போகாதே என்று அவன் அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் கிளம்பின அன்றைக்கு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவ்வளவுதான்.

கட்டிங் அண்ணன்தான் அவனை பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னானாம்.

"அத்தான், கொஞ்ச நாள் கழிச்சு போன் பண்ணி, ஊருக்கு வந்துடுறியான்னு கேளுங்க. நான் வரலேன்னுதான் சொல்லுவேன். அதைக் கேக்காதீங்க. நீங்களா வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அண்ணனும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பஸ் போய்விட்டது.

சரி. அந்த ரோட்டுக்கு வருவோம்.

ரோட்டின் கடைசியில் ஒரு பழைய கட்டடம். கீழே ஒரு காவலாளி. தூக்கக் கலக்கத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு, மேலே கையைக் காட்டிவிட்டு, மறுபடி தூங்கிவிட்டார். நாலாவது மாடி. நடையில் கடைசிக் கதவு. திறந்தான். இரும்புக் கட்டில் ஒன்று. மர நாற்காலி ஒன்று. ஜன்னல் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டித் தொடலாம். ரூமில் ஒரு வாடை... வெயில் படாமல் காய்ந்த ஈரத்துணி வாடை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டான்.

நாற்காலி ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. காலையில் எழுந்தபோது கட்டிலைப் பார்த்துக் கிடந்தது. இருட்டில் சரியாகப் பார்த்திருக்க மாட்டேன் என்று விட்டுவிட்டான்.

வேலை ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில். வரிசையாக மேஜைகள். மேஜைக்கு ஒரு விளக்கு, ஒரு தேய்க்கிற மோட்டார். எல்லார் முகத்திலும் மாஸ்க், கண்ணில் கண்ணாடி, காதில் அடைப்பு. உய்ய்ய் என்று மோட்டார் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை. வேலை தட்டில் வரும், தட்டில் போகும். அச்சோடு ஒரு நம்பர் சீட்டு இருக்கும். யாருடைய பல், வயசு என்ன, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. நம் ஊரில் பல் கட்டிக்கொண்டு போகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக் காட்டிவிட்டுப் போவார்களாம் அவனிடம். இங்கே ஒரு சிரிப்பைக்கூட அவன் பார்க்கவில்லை.

ரூமுக்கு வந்தால் ரொட்டி. நின்றுகொண்டே சாப்பிடுவான். ஒருத்தனுக்காக எதற்கு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தோன்றிவிட்டது அவனுக்கு. கடையில் சாமானை எடுத்து மெஷினில் காட்டிவிட்டு வரவேண்டியதுதான், பேச்சே தேவையில்லை. ஒரு நாள் படியேறும்போது யோசித்துப் பார்த்தானாம். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பல் செய்கிறவனுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. குரல் இருக்கிறதா என்று பார்க்க, படியில் நின்று இருமிப் பார்த்தானாம்.

எதிர் ரூமில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். அவர் மட்டும் அவனைக் கண்டால் தலையசைப்பார். ஒரு தடவை, அவனுக்குப் பாஷை கொஞ்சம் பிடிபட்ட பிறகு, நின்று பேசினார். நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

"நீ எந்த ஊரு தம்பி? ரொம்ப தூரமா?"

"ரொம்ப தூரம்மா."

"கவலைப்படாதே. அந்த ரூம்ல இருந்தவங்க எல்லாருமே சீக்கிரம் ஊருக்குத் திரும்பிட்டாங்க. ஒருத்தரும் தங்கினதில்ல."

அதைக் கேட்டு அவனுக்கு ஒரே ஆறுதல். ராசியான ரூம் என்று அன்றைக்கு அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னானாம்.

போன்... அதுதான் அவனுக்கு இருந்த ஒரே பிடி. வேலை விட்டு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவான். அக்கா எடுப்பாள். அத்தானைக் கேட்பான். கடைசியில் அம்மா. "சாப்டியா?" என்று அம்மா கேட்பார். "சாப்டேம்மா" என்பான். அன்றாடம் ஒரு பொய். ஒரே ராகத்தில்.

முதலில் அவன் கவனித்தது நாற்காலியைத்தான். போனில் பேச ஆரம்பித்ததும்... க்ரீச். யாரோ வசதியாக உட்காருவது மாதிரி. பேசி முடித்து போனை வைத்ததும், ஒரு மூச்சு. பெருமூச்சுகூட இல்லை. கதை முடிந்துவிட்டதே என்று குழந்தைகள் விடுமே, அந்த மாதிரி ஒரு சின்ன மூச்சு. கூடவே அந்த ஈரத்துணி வாடை.

பயந்தானா? பயந்தான். இரண்டு மூன்று நாள் விளக்கை அணைக்காமல் படுத்தான். நாற்காலியைத் தூக்கி நடையில் வைத்துப் பார்த்தான். காவலாளி அதை மறுபடி உள்ளே கொண்டுவந்து போட்டுவிட்டார். நடையில் சாமான் வைக்கக் கூடாதாம்.

அப்புறம் பயம் போய்விட்டது. ஏன் என்றால், அந்த ஊரிலேயே அவன் பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டது அது ஒன்றுதான். நீங்களே சொல்லுங்கள். ஊர் பூராவும் உங்களைத் திரும்பிப் பார்க்காமல் போகிறது. ரூமில் ஒன்று, நீங்கள் வருவதற்காகக் காத்திருக்கிறது. அது என்னவாக இருந்தால் என்ன?

போனை ஸ்பீக்கரில் போட ஆரம்பித்தான். அதற்கும் கேட்கட்டும் என்று. அக்கா ஏதாவது சொல்லி இவன் சிரித்தால், கொஞ்சம் தாமதமாக நாற்காலிப் பக்கம் ஒரு சிரிப்பு. போனை வைத்த பிறகும் பேச ஆரம்பித்தான். வீட்டில் எத்தனை படி, எந்தப் படி ஆடும், இருட்டில் ஸ்விட்ச் எங்கே இருக்கும், அம்மா டீ எப்படிக் குடிப்பார், அக்கா கோபித்தால் எப்படிச் சமாதானப்படுத்த வேண்டும்... எல்லாம். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினான். பேசப்பேச வீட்டில் இருப்பது மாதிரியே இருந்ததாம் அவனுக்கு.

ஒரு விடியற்காலை. பாதித் தூக்கம். யாரோ முணுமுணுக்கிறார்கள். அவன் குரல்தான். அவன் வாய் மூடியிருக்கிறது.

"சாப்டேம்மா... சாப்டேம்மா... இங்க ஒரே மலைம்மா... மலை..."

நாற்காலியிலிருந்து வருகிறது. அது சொல்லிப் பழகுகிறது. எல்லாம் சரியாக வருகிறது, அவனுடைய அதே இழுப்பு, அதே சலிப்பு. 'ழ' மட்டும் வரவில்லை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். நீங்களோ நானோ என்றால் ஓடியிருப்போம். இந்தப் பைத்தியக்காரன் என்ன செய்தான் தெரியுமா? திருத்தினான். வாயைப் பற்றித்தான் அவனுக்கு எல்லாம் தெரியுமே.

"மலை இல்ல. மழை. நாக்கு நுனி பல்லைத் தொடக்கூடாது. பின்னால மடிக்கணும். அண்ணத்துல ஒட்டாம... மழை."

அப்புறம் நாற்காலி சொன்னது.

"மழை."

அச்சு அசல் அவன் குரல்.

அதற்குப் பிறகு குளிர் அதிகமாயிற்று. அவனுக்குக் காய்ச்சல் கண்டது. படுத்தவன் படுத்தவன்தான். எத்தனை நாள் கிடந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு போன் இல்லை. யாரோ நெற்றியில் கை வைத்த ஞாபகம் மட்டும் இருக்கிறது. ஈரக் கை. அம்மா என்று நினைத்துக்கொண்டானாம்.

கண் விழித்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு லேசாக, ரொம்ப லேசாக இருந்தது. ரூமில் அந்த வாடை இல்லை. நாற்காலி வெறுமனே கிடந்தது. வெறும் நாற்காலி. பெட்டியைக் காணோம். சட்டை, செருப்பு, அடையாள அட்டை ஒன்றும் இல்லை. தலையணைக்கு அடியில் போன் மட்டும் இருந்தது. திருடன் வந்து போயிருக்கிறான் என்று நினைத்தான்.

வேலைக்குப் போனான். அவன் மேஜையில் வேறு ஆள். மேற்பார்வையாளரிடம் போய் நின்றான். அந்த ஆள் நிமிரவில்லை. சொல்லாமல் லீவு போட்டதற்குக் கோபம் என்று நினைத்தான். கடைக்குப் போனான். ஆள் வந்தால் தானே திறக்கிற கண்ணாடிக் கதவு அது. திறக்கவில்லை. கெட்டுப் போயிருக்கும் என்று நினைத்தான். பஸ் நிற்கவில்லை. அந்த டிரைவர் எப்போதுமே அப்படித்தான் என்று நினைத்தான்.

அதுதான் கொடுமை. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே யாரும் அவனைப் பார்த்ததில்லை. அதனால், எப்போதிலிருந்து நிஜமாகவே யார் கண்ணுக்கும் தெரியாமல் போனான் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

தையல்கார அம்மா மாடிப்படியில் எதிரே வந்தார். அவர் தலையசைப்பார் என்று நின்றான். அவர் நேராக வந்தார். "அம்மா" என்று கூப்பிட்டான். அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஜன்னல் எதுவும் திறந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்கிப் போனார்.

அவன் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டான். அக்கா எடுத்தாள்.

"அக்கா... நான்தான்க்கா."

"யாரு?"

"வாண்டுக்கா. உடம்புக்கு முடியல. எனக்கு இங்க என்னமோ..."

அக்கா சிரித்தாளாம். "டேய், உள்ள ரூம்ல இருந்துகிட்டே எனக்குப் போன் பண்ணி விளையாடுறியா? வந்து சாப்பிடு. அம்மா எவ்வளவு நேரமா உக்காந்திருக்காங்க."

போனில் வீட்டுச் சத்தம் எல்லாம் கேட்கிறது. தட்டு வைக்கிற சத்தம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அம்மா எழுந்து நடமாடுகிற சத்தம். அம்மா சிரிக்கிறார். அப்புறம் யாரோ நடந்து வருகிறார்கள். ஆடுகிற படியைத் தாண்டிக் கால் வைத்து...

"யாருக்கா போன்ல?"

அவன் குரல்.

அக்கா போனைக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். அப்புறம் அவன் குரலே அவனிடம் நிதானமாகச் சொன்னது.

"ராங் நம்பருங்க."

பைண்டர் அண்ணே, அந்த மெழுகுவத்தியை ஏன் கையில் எடுத்துக்கொண்டீர்கள்? வையுங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவன் இங்கே போன் பண்ணினான். இந்த பிரஸ்ஸுக்கு. அந்த மூலையில் இருக்கிறதே, அந்தப் போனுக்கு. மத்தியான நேரம். கட்டிங் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார்.

"அத்தான், போனை வச்சுடாதீங்க. நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. நான் இன்னும் இங்கதான் இருக்கேன். வீட்ல இருக்கிறது நான் இல்ல."

அண்ணன் என்ன சொல்லுவார்? மைத்துனன் திரும்பி வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நாள் காலையில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். வேலை ஒத்துவரவில்லை, வந்துட்டேன் என்றான். வாண்டு வந்தாச்சு என்று அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அந்த அம்மா படுக்கையை விட்டு எழுந்துவிட்டார். வந்தவன் முன்னைவிட நல்ல பிள்ளை. கோபமே இல்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். யார் பேசினாலும் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்பான்.

அண்ணன் போனைக் காதில் வைத்தபடியே அப்படியே வாசலைப் பார்த்திருக்கிறார். வாசலில் வாண்டு நிற்கிறான். கையில் சாப்பாட்டுக் கேரியர்.

"இருங்க இருங்க," என்றார் பைண்டர். "மத்தியானம் கேரியர் கொண்டாந்து குடுப்பானே, உசரமா... அவனா?"

அவன்தான்.

"போன வாரம்கூட எங்கூட உக்காந்து டீ குடிச்சானேய்யா!"

தெரியும். நானும் கூட இருந்தேன். எல்லோரும் கூடித்தான் குடித்தோம்.

கட்டிங் அண்ணன் போனில் ஏதேதோ கேட்டார். வீட்டு விஷயம், சின்ன வயசு விஷயம். போனில் இருந்தவன் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். "ஆனா அதைக் கேட்டா அவனும் சரியாத்தான் சொல்லுவான் அத்தான். எல்லாத்தையும் நானேதான் சொல்லிக் குடுத்தேன்" என்று அழுதான். "ஒண்ணு மட்டும் சொல்லல. பஸ் ஏறும்போது உங்ககிட்ட ஒண்ணு சொன்னேனே. நீங்க வரலேங்கிற வருத்தத்துல அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லல. அதைக் கேட்டுப் பாருங்க."

சாயங்காலம் வீட்டில், கை கழுவும்போது, சும்மா கேட்கிற மாதிரி அண்ணன் கேட்டார். "டேய், அன்னிக்கு பஸ்ல உக்காந்துகிட்டு என்கிட்ட என்னமோ சொன்னியே, என்னது?"

அவன் அண்ணனின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

"மறந்துபோச்சு அத்தான். நீங்க சொல்லுங்களேன்."

அண்ணன் சொல்லவில்லை. அன்று இரவு அவர் தூங்கவும் இல்லை.

பிரஸ் வேலையாக வெளியூர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். நீங்களா வந்து கூட்டிட்டுப் போயிடுங்க என்று அன்றைக்கு அவன் சொன்னது, போகிற வழி முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

பகலில்தான் போய்ச் சேர்ந்தார். பட்டப்பகல். காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேச்சு பாதி, ஜாடை பாதி. "அந்த உசரமான பையனா? அவன் காலி பண்ணிட்டுப் போயாச்சே. சக்கரம் உடைஞ்ச பெட்டி. நான்தான் கீழ தூக்கிக் குடுத்தேன். ரொம்ப சந்தோஷமாப் போனான். ரூம் காலியாத்தான் இருக்கு, வேணும்னா பாருங்க" என்று கதவைத் திறந்து விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கட்டில். நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே சுவர். ஒருவரும் இல்லை. அண்ணன் வாசலிலேயே நின்றார். சட்டைப் பையில் போன் அடித்தது.

"அத்தான்... வந்துட்டீங்களா? உள்ள வாங்க. ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"எங்கடா இருக்கே?"

"உங்க முன்னாடிதான் அத்தான் நிக்கிறேன்."

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"உங்க கையைப் பிடிச்சிருக்கேன் அத்தான். தெரியலயா?"

அண்ணன் தன் கையைப் பார்த்தார். கை சில்லிடவில்லை. மயிர்க்கூச்செறியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. பேய் தொட்டால் சில்லென்று இருக்கும் என்பார்களே... அதுகூட இல்லை என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். "சில்லுன்னாவது இருந்திருக்கலாம்டா" என்றார் என்னிடம்.

"தெரியுதுடா. நல்லாத் தெரியுது. வா, வீட்டுக்குப் போலாம்." அது அவர் சொன்ன இரண்டாவது பொய்.

ஒரு கையில் போன். இன்னொரு கையை, குழந்தையைக் கூட்டிப்போகிற மாதிரி நீட்டிக்கொண்டு நாலு மாடியும் இறங்கினார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ வந்து கேட்டதற்கு, "ஆள் இருக்கு" என்றார். அந்த ஆள் முறைத்துவிட்டுப் போனார். அண்ணன் போனை வைக்கவே இல்லை.

வாண்டு பேசிக்கொண்டே வந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் குரலில் ஒரு தெம்பு. "அம்மாகிட்ட நான் எப்படி அத்தான் சொல்றது? என்னை அவங்களுக்குத் தெரியுமா? நீங்க பக்கத்துல இருங்க, சரியா? அத்தான், ஜன்னல்ல பாருங்க, அந்தக் கடைலதான் நான் ரொட்டி வாங்குவேன்... அத்தான், இந்தப் பக்கம் எல்லாம் நான் வந்ததே இல்ல..."

கட்டடங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி விளக்குக் கம்பம். அதற்கப்புறம் வெறும் வெளி.

பேச்சு நின்றது.

"வாண்டு?"

"..."

"டேய், வாண்டு?"

"அத்தான்." குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. "அத்தான், நான் ரூம்ல இருக்கேன்."

"என்னடா சொல்றே?"

"நாற்காலில உக்காந்திருக்கேன். இப்ப உங்க பக்கத்துல இருந்தேன் அத்தான். கண்ணை மூடித் திறந்தேன், இங்க இருக்கேன். எந்திரிக்க முடியல. அத்தான், பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க. அத்தான்..."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இருட்டுகிற நேரம். ஓடினார், நடந்தார், மறுபடி ஓடினார். அந்த ரூமுக்குப் போய்க் கதவைத் தட்டினார். காவலாளி வந்து பிடித்துக்கொண்டார், அப்புறம் பரிதாபப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டார். போன் போட்டுப் பார்த்தார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து அழைப்பும் வரவில்லை. விடிகிற வரைக்கும் அந்த வெறும் ரூமில் தரையில் உட்கார்ந்து, நாற்காலியைப் பார்த்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாராம். வீட்டு விஷயம், பிரஸ் விஷயம். எதிரே இருந்து ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை. காலையில் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, தனியாகவே பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது ஒரு முடிவோடுதான் வந்தார். உள்ளே போகிறோம், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறோம், எல்லாரிடமும் சொல்லிவிடுகிறோம் என்று.

கதவைத் திறந்தது அவனேதான். உள்ளே மாமியார் யாரோ பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "என் பிள்ளை வந்தப்புறம்தான் எனக்குச் சோறே இறங்குது" என்று. அந்தக் குரலைக் கேட்டதும் அண்ணனுடைய முடிவெல்லாம் தண்ணீராகப் போய்விட்டது. அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்லுவது? உங்கள் பிள்ளை வரவில்லை, இனிமேல் வரவும் மாட்டான் என்றா?

அவன் அண்ணன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றான். டம்ளரை வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத மாதிரி, மெதுவாகக் கேட்டான்.

"ரூமை இன்னும் யாருக்கும் விடலயா அத்தான்?"

அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் யாருக்காவது விடச் சொல்லுங்க," என்றான். கண் நிஜமாகவே கலங்கியிருந்ததாம். "பாவம் அத்தான் அவன். பேச்சுக்குரல் கேக்காம அங்க இருக்க முடியாது."